மணி வார்க்கும் ஊரில் விளக்குக் கூண்டு: பான் பா-ஆவ் மெழுகு வார்ப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசானில், உபோன் ராட்சதானி நகரிலிருந்து யசோதோன் போகும் 23-ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது பான் பா-ஆவ். வியன்தியான் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த லாவோ மக்களின் வழிவந்தவர்கள் இங்கே வாழ்கிறார்கள். ‘பா’ என்றால் விட்டுவிடுதல், ‘ஆவ்’ என்றால் சித்தப்பா; அதனால் சித்தப்பாவைப் பிரிந்த ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் மாட்டுக் கழுத்து மணி, கோயில் இறவாரத்துச் சிறுமணி, வெற்றிலைப் பெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம் எல்லாம் பித்தளையில் வார்த்து வருகிறார்கள். மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை.

இந்த மணி வார்ப்பைக் கொண்டு உணவகத்துக்கும் வீட்டுக்கும் தொங்கு விளக்குக் கூண்டு செய்யும்போது என்னென்ன மாற வேண்டும், எது மாறக்கூடாது என்பதே இந்த ஆய்வு. உள்ளலங்கார வடிவமைப்பாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. மணியை மணியாகவே வார்த்து வாங்கிக்கொண்டு, உச்சியில் துளை போட்டு, ஹோல்டரை மாட்டினால் விளக்கு ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. சாயும், கண் கூசும், எர்த் பிடிக்காது, சூடு தேங்கும். விளக்குக்கு வேண்டிய துளை, தடிமன், மேடு, விளிம்பு எல்லாமே மெழுகாக இருக்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

ஏன் இந்த ஊர் முறை

தாய்லாந்தில் உலோக வேலை என்றால் வேறு சில இடங்களும் நினைவுக்கு வரும். பாங்காக்கின் தோன்புரிப் பகுதியில் உள்ள பான் சாங் லோ, பெயரிலேயே வார்ப்புக்காரர் குடியிருப்பு; அங்கே புத்தர் சிலை வார்ப்பது மரபு. பெரிய உருவங்களுக்கு அது பொருந்தும். சுவன்னாராம் கோயிலை ஒட்டிய பான் பு குடியிருப்பில் செய்யும் பளபளப்பான கிண்ணம் வெள்ளீயம் மிகுந்த வெண்கலம், சம்மட்டியால் அடித்து எடுப்பது. அது வார்ப்பு வேலையே அல்ல.

பான் பா-ஆவ் வேலை இரண்டிலிருந்தும் மாறுபட்டது. இங்கே பொருள் பிறப்பதே கடைசலில். உள்கூட்டின் வடிவத்தைத் தரும் களிமண் கருவைக் கடைந்து, மெழுகை அதன்மேல் சுற்றி, மெழுகையும் கடைவார்கள். ஆகவே இயல்பாகவே வட்டமான, உள்ளே கூடான, ஒரே அச்சைச் சுற்றிச் சமச்சீரான பொருள் கிடைக்கிறது. விளக்குக் கூண்டுக்கு வேண்டியதும் அதுதான். நம் சுவாமிமலை ஸ்தபதிகளும் தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்துதான் உரு செய்கிறார்கள். ஆனால் அங்கே மரபான விக்கிரகம் உள்ளே கூடில்லாத கனவார்ப்பு, கரு கிடையாது. இங்கே கரு இல்லாமல் எதுவுமில்லை. வரப்போகும் பிழைகளில் பாதி கருவிலிருந்துதான் தொடங்குகின்றன.

கையிலெடுத்த மாதிரி

கணக்கு தெளிவாக இருக்க ஒரு மாதிரி ஆணையை எடுத்துக்கொள்வோம். 5.4 மீட்டர் நீளமுள்ள உணவகச் சாப்பாட்டு மேடைக்கு மேல், 600 மி.மீ. இடைவெளியில் 9 கூண்டுகள். ஒவ்வொன்றும் மணி வடிவம்: வாய்க்குள் விட்டம் 160 மி.மீ., உயரம் 150 மி.மீ., உச்சித் தட்டின் விட்டம் 70 மி.மீ., சுவர்த் தடிமன் 3 மி.மீ.

இதன் பரப்பு ஏறக்குறைய 604 சதுர செ.மீ.; 3 மி.மீ. தடிமனுக்கு 181 கன செ.மீ. உலோகம். பித்தளையின் அடர்த்தி 8.45 என்று வைத்தால் ஒரு கூண்டு 1.53 கிலோ. தடிமனை 2.5 ஆகக் குறைத்தால் 1.28 கிலோ, 4 ஆகக் கூட்டினால் 2.04 கிலோ. எடை குறையட்டும் என்று 2 மி.மீ. கேட்கும் வடிவமைப்பாளர்கள் உண்டு. சூடான களிமண் அச்சில் 2 மி.மீ. சுவரும் ஓடி நிரம்பக்கூடும். ஆனால் கரு அரை மி.மீ. நகர்ந்தால்கூட ஒரு பக்கம் ஒன்றரை மி.மீ. ஆகி அங்கே உலோகம் உறைந்து நின்றுவிடும், சுவரில் ஓட்டை விழும். 3 மி.மீ. பாதுகாப்பான தடிமன்.

கரு

கருவுக்கும் அச்சுக்கும் மண் ஒன்றுதான்: புற்றுமண். கரையான் எடுத்துச் சேர்த்த மண் நுண்ணியது, கல்லில்லாதது, நன்றாக ஒட்டும். அதை இடித்துச் சலித்துச் சாணத்தோடு பிசைகிறார்கள். வெளியச்சுக்கு உமியும் சேரும். சாணத்தின் நாரும் உமியும் சூளையில் எரிந்துபோய் மண்ணுக்குள் மயிரிழைத் துளைகளை விட்டுச் செல்லும். உலோகம் உள்ளே வரும்போது காற்றும் வாயுவும் அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியேறுகின்றன. சாணம் குறைந்து களி மிகுந்த மண் காயும்போதே வெடிக்கும். வெடிக்காமல் தப்பினாலும் வாயுவை வெளியே விடாது.

சரிவாகச் சீவிய ஒரு மரக்கோலைச் சுற்றி மண்ணை அப்பிக் காயவிட்ட பிறகே கடைசலில் ஏற்ற வேண்டும். ஈரக் கருவைக் கடைந்தால் கடைந்த அளவு காயும்போது மாறிவிடும். கடைவதை ஈசான் பேச்சில் ‘சியன்’ என்கிறார்கள். மணிக்குக் கண்ணளவே போதும். 9 கூண்டு ஒரே வரிசையில் தொங்கப்போகிறது என்றால் கண்ணளவு போதாது. தகட்டில் வெட்டிய உருவ அளவு ஒன்று வேண்டும். அதைச் சுழலும் கருவோடு அணைத்துப் பிடித்து, வெளிச்சம் கசியும் இடத்தைப் பார்த்துக் கடைய வேண்டும்.

பித்தளை உறையும்போது நீளத்தில் ஏறக்குறைய 1.5 முதல் 2 விழுக்காடு சுருங்கும். வாய் 160 மி.மீ. வர வேண்டுமானால் கரு 163 மி.மீ. இருக்க வேண்டும். வரைபடத்தில் முடிந்த அளவையும் கரு அளவையும் தனித்தனியே எழுதிக் கொடுப்பது நல்லது. ஒன்றை மட்டும் கொடுத்தால் யார் சுருக்கத்தைச் சேர்ப்பது என்று தெரியாமல் இரண்டு பேருமே சேர்த்துவிடுவார்கள், அல்லது இருவருமே விட்டுவிடுவார்கள்.

இந்த வேலையில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறும் விஷயம் கருவின் மேற்பரப்பு. மணிக்கு உள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. விளக்குக்கு உட்புறம்தான் முகம். ஒளி படுவது அங்கே, மேடையில் உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்ப்பதும் அங்கே. கருவில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் குழியும் பித்தளையின் உட்சுவரில் புடைப்பாக நிற்கும். ஆகவே கடைந்து முடித்த கருவின்மேல் துணியில் வடிகட்டிய புற்றுமண் சாணக் குழம்பை மெல்லப் பூசி, சுழலவிட்டே ஈர விரலால் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். ஒரு கூண்டுக்கு அரை மணி நேரம் கூடுதலாகும். வார்த்த பிறகு உட்புறத்தைச் சுரண்டும் பல மணி நேரம் மிச்சமாகும்.

மெழுகு நூல்

மெழுகுக் கலவை மூன்று சரக்கு: தேன்மெழுகு, ‘சன்’ எனப்படும் மரப் பிசின், ‘கி சூட்’ எனப்படும் கொசுத்தேனீயின் கருமெழுகு. ஈசானின் மூங்கில் ஊதுகருவியான கேனில் குழல்களைச் சுற்றி அடைப்பதும் இதே கருமெழுகுதான். கறுத்து, பிசுபிசுவென்று எதிலும் பற்றிக்கொள்ளும். தேன்மெழுகு உருவைத் தரும், பிசின் வெயிலில் இளகாமல் காக்கும், கருமெழுகு நூலை நூலோடும் கருவோடும் ஒட்டவைக்கும். பிசின் மிஞ்சினால் சுற்றும்போதே நூல் ஒடியும். ஏப்ரல் வெயிலில் பிசின் போதாவிட்டால் கடையும்போது விரல் பதியும். குளிர் மாதத்துக் கலவையைக் கோடையில் அப்படியே பயன்படுத்த முடியாது.

கலவையை இளக்கி ஒரு குழலில் இட்டு அழுத்தினால் மறுமுனைத் துளையிலிருந்து நூலாக வரும். அதைக் கருவின்மேல் அடியிலிருந்து நுனிவரை நெருக்கமாகச் சுற்றுவதற்கு ‘கியன்’ என்று பெயர். நம் கூண்டுக்கு 3 மி.மீ. நூல் ஏறக்குறைய 25 மீட்டர் வேண்டும். எடை 175 கிராம் அளவில் வரும். மெழுகின் எடையை 9-ஆல் பெருக்கினால் பித்தளையின் எடை கிடைக்கும் என்பது கைக்கணக்கு. ஆனால் நூலை அழுத்தித் தட்டையாக்காமல் விட்டால் இரண்டு நூலுக்கும் கருவுக்கும் நடுவே சிறு முக்கோண இடைவெளி நிற்கும். மெழுகு போன பிறகு அந்த இடமும் அச்சின் வெற்றிடம்தான், உலோகம் அங்கேயும் ஓடும். அதனால் 10-ஆல் பெருக்கிக்கொள்வது பாதுகாப்பு. இதே காரணத்தால் நூல் வரி உட்சுவரில் பதியாது. உட்சுவர் கருவைப் போலவே வழுவழுப்பாக வரும்.

வெளிப்புறத்தை மணிக்குச் செய்வதுபோல் முழுவதும் கடைந்து மென்மையாக்கலாம். மரச்சக்கரத்தில் செதுக்கிய கோலத்தை உருட்டி மெழுகில் பட்டையாகப் பதிப்பது இந்த ஊரின் அடையாளம். அதை விளிம்புக்கு 20 மி.மீ. மேலே ஒரே பட்டையாக நிறுத்திக்கொள்வது அழகு. உடல் முழுதும் கோலம் பதித்துக் கேட்பவர்கள், விளக்கு எரியும்போது வெளிச்சுவர் நிழலில் இருக்கிறது, பக்கத்து விளக்கின் ஒளி மட்டுமே அதன்மேல் சாய்வாக விழுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சாய்வொளியில் கோலத்தைவிடச் சிறப்பாகத் தெரிவது நூல் சுற்றிய வரிதான். மேல்பாதியில் மெழுகைக் கடையாமல் சுருள் வரியை அப்படியே விட்டு, கீழ்ப்பாதியை மட்டும் கடைந்தால், கூண்டு எப்படிப் பிறந்தது என்பதை அதுவே சொல்லும்.

இனி, மெழுகிலேயே செய்தாக வேண்டிய விளக்கு வேலைகள். மணியின் உச்சியில் காது ஒட்டுவார்கள். கூண்டுக்குக் காது வேண்டாம், 20 மி.மீ. துளை வேண்டும். வயரை உள்ளே விட்டு விளக்கைத் தாங்க விளக்குத் தொழிலில் எங்கும் புழங்கும் எம்10 மரைக்குழாய்க்கு 10 மி.மீ. போதுமே என்று தோன்றும். ஏன் 20 என்பது சாய்வைப் பேசும்போது விளங்கும். அடுத்து, உச்சித் தட்டில் மையத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி, சம இடைவெளியில் 6 மி.மீ. விட்டத்தில் ஆறு துளைகள். சூடு போக வழி என்பது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன், வெளியச்சு மண் இந்தத் துளைகளுக்குள் புகுந்து கருவைத் தொடும். மணியில் கரு வாய்ப்பக்கம் மட்டுமே வெளியச்சோடு சேர்ந்து நிற்கிறது. மெழுகு உருகிப் போனதும் உச்சிப்பக்கம் அந்தரத்தில் இருக்கும். புத்தர் சிலை வார்ப்பவர்கள் இதற்காகவே ‘தோய்’ என்னும் இரும்பு ஆணிகளை அடிக்கிறார்கள். மெல்லிய கூண்டில் ஆணி அடித்தால் பிறகு துருப்புள்ளி தெரியும். ஆறு மண் தூண்கள் அந்த வேலையைச் செய்துவிடும். கூடவே மேற்கூரையில் ஆறு ஒளிப்புள்ளிகளும் விழும். துளை சுவர்த் தடிமனுக்கு இரு மடங்காவது இருக்க வேண்டும். 3 மி.மீ. சுவரில் 4 மி.மீ. துளை போட்டால் மண் குச்சி ஒடிந்து உலோகம் அடைத்துக்கொள்ளும்.

எர்த் திருகாணிக்கு உச்சியின் உட்புறத்தில் 12 மி.மீ. விட்டம், 5 மி.மீ. உயரத்தில் ஒரு மேடு வேண்டும். உட்புற மேடு என்பதால் அதற்கான குழியைக் கருவில் முன்பே தோண்டி, மெழுகால் நிரப்பிய பிறகே நூல் சுற்ற வேண்டும். இதை மறந்தால் 3 மி.மீ. சுவரில் எம்4 மரைக்கு நான்கு சுற்றுதான் கிடைக்கும். வார்ப்பில் நுண்துளை இருந்தால் இறுக்கும்போதே மரை அறுந்துவிடும். கடைசியாக விளிம்பு: வாயை 8 மி.மீ. உயரம் கூட்டி, 5 மி.மீ. தடிப்பாக்கி விட வேண்டும். உருகிய உலோகம் ஓடிவரும் வாய்க்கால் சேரும் இடம் அது. பிறகு கடைந்து எறியப்போகிறோம்.

அச்சு, சூளை, ஊற்றுதல்

விளிம்பில் நான்கு மெழுகு வாய்க்கால் வைத்து, மரக்கோலை உருவி எடுத்து, அந்தத் துளையை மண்ணால் அடைத்த பிறகு வெளியச்சுப் பூச்சு தொடங்கும். முதல் பூச்சு மெல்லிய குழம்பு, கோலத்தின் ஒவ்வொரு கோட்டிலும் புக வேண்டும். தூரிகையால் தொட்டுத் தொட்டுப் பூசி, காற்றுக் குமிழி தெரிந்தால் ஊசியால் உடைக்க வேண்டும். குமிழி இருந்த இடம் வார்ப்பில் சிறு உருண்டையாக ஒட்டி நிற்கும். அடுத்தடுத்த பூச்சுகளில் உமி கூடிக்கொண்டே போய், மொத்தம் 20 முதல் 25 மி.மீ. தடிமன் வரும். ஒவ்வொன்றும் நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகி அச்சு விரியும்.

சூளையில் மெழுகு முதலில் வடியும். மண்ணில் ஊறியது எரிந்து போகும். வாய்க்கால் துளையில் கரும்புகையும் தீநாக்கும் நிற்கும்வரை மெழுகு இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். புகை நின்று, துளைக்குள் பார்த்தால் மங்கலான செம்மை தெரிய வேண்டும். அவசரத்தில் இங்கே ஒரு மணி நேரத்தைக் குறைப்பவர்கள்தான் பிறகு கூண்டு முழுதும் ஊசித்துளை என்று வருந்துவது. களிமண்ணில் ஒட்டிய கடைசி ஈரமும் கரியும் வாயுவாகி உலோகத்துக்குள் ஏறிவிடும். அச்சு சூடாக இருக்கும்போதே ஊற்றுவதால்தான் 3 மி.மீ. சுவர் கடைசிவரை நிரம்புகிறது.

மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கலத்தில், போவது பெரும்பாலும் பழைய பித்தளை. ஒரு கூண்டுக்கு 1.53 கிலோ, விளிம்பு மிகைக்கு 170 கிராம், வாய்க்காலும் ஊற்றுவாயும் 400 கிராம்: மொத்தம் 2.1 கிலோ. பித்தளை கலவைக்கேற்ப 900 முதல் 950 டிகிரியில் உருகும். 1,000 முதல் 1,080 டிகிரியில் ஊற்ற வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். ஆகவே மூசையின் வாயில் வெண்புகை வருவது தவிர்க்க முடியாதது. அது அளவு மீறினால் துத்தநாகம் குறைந்து நிறம் சிவக்கும், அடுத்தடுத்த மூசையின் கூண்டுகள் நிறத்தில் ஒட்டாமல் போகும். உருகலின் மேல் கரித்தூளைப் போர்த்தி, ஊற்றும் முன் எடையில் 1 முதல் 2 விழுக்காடு துத்தநாகம் சேர்த்துக் கிளறினால் நிறம் நிற்கும். இந்த வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்று மாலை குளிரும் காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் தணியும் என்பதற்காக அலட்சியம் செய்யக்கூடாது. ஊற்றுபவர் காற்றுக்கு முதுகு காட்டி, முகத்துக்குப் புகைக்கான முகமூடி போட்டு நிற்க வேண்டும்.

பழைய குழாயும் வால்வும் உருக்கினால் ஈயம் வரும். எளிதாகக் கடைய வேண்டிப் பித்தளையில் 2, 3 விழுக்காடு ஈயம் சேர்ப்பது உலக வழக்கம். கூண்டு உணவு மேடைக்கு மேல் தொங்குகிறது, அதைக் கடைபவர் தூளைச் சுவாசிக்கிறார். அதனால் ஆணையிலேயே குழாய்ச் சாமான் வேண்டாம், தகட்டுக் கழிவும் பாத்திரப் பித்தளையும் மட்டும் என்று எழுதிவிட வேண்டும். 9 கூண்டுக்கும் உலோகத்தை ஒரே குவியலாக வாங்கிக் கலந்து வைத்தால் நிற வேறுபாடும் குறையும்.

வாய் மேலே இருக்க, உச்சி அடியில் இருக்க அச்சை நிறுத்தி, இரண்டு வாய்க்காலில் ஊற்றி மற்ற இரண்டில் காற்று வெளியேற விட வேண்டும். இடையில் நிறுத்தினால் இரு ஓட்டமும் சேராமல் சுவரில் மயிரிழைக் கோடு விழும். பகலில் தெரியாது, விளக்கைப் போட்டால் ஒளிக்கோடாகத் தெரியும். ஆகவே உடைத்தெடுத்த ஒவ்வொரு கூண்டையும் இருட்டறையில் உள்ளே பல்பை வைத்துப் பார்த்த பிறகே கடைசலுக்கு அனுப்ப வேண்டும்.

சாய்வு: இந்த வேலையின் தலையாய பிழை

ஒன்பது கூண்டும் நன்றாக வார்ந்து வந்திருக்கும். மாட்டிப் பார்த்தால் இரண்டு மட்டும் ஒருபுறம் சாய்ந்து நிற்கும். கம்பியைத் திருகிப் பார்ப்பார்கள், ஹோல்டரை மாற்றுவார்கள், போகாது. காரணம் கரு.

சூளையில் கரு அரை மி.மீ. நகர்ந்தது என்று வைப்போம். ஒரு பக்கச் சுவர் 3.5, எதிர்ப்பக்கம் 2.5. மொத்த எடை மாறவில்லை. ஆனால் எடைமையம் தடித்த பக்கமாக ஏறக்குறைய 4.7 மி.மீ. விலகிவிட்டது. தொங்கும் புள்ளியிலிருந்து எடைமையம் 90 மி.மீ. கீழே இருந்தால் கூண்டு 3 டிகிரி சாயும். 160 மி.மீ. வாயில் அது 8 மி.மீ. ஏற்றத்தாழ்வு. தனியாக ஒரு கூண்டு என்றால் கவனிக்க மாட்டார்கள். ஒன்பது வரிசையாகத் தொங்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

இங்கேதான் 20 மி.மீ. துளை கைகொடுக்கிறது. மரைக்குழாய் 10 மி.மீ.; துளைக்குள் எந்தப் பக்கமும் 5 மி.மீ. நகர்த்தலாம். எடைமையம் விலகிய பக்கமாகவே தொங்கும் புள்ளியையும் நகர்த்தினால் கூண்டு நிமிர்ந்துவிடும். மேலும் கீழும் 36 மி.மீ. விட்டமுள்ள, 2 மி.மீ. தடித்த பித்தளை வாஷர். குழாய் ஓரத்துக்கு நகர்ந்தாலும் துளை முழுதும் மூடியே இருக்கும். நட்டைத் தளர்த்தி, கூண்டைத் தொங்கவிட்டு, விளிம்பில் சிறு மட்டப்பலகையை வைத்து, நகர்த்தி, இறுக்குவது ஐந்து நிமிட வேலை. ஹோல்டர் சில மி.மீ. மையம் தப்பி நிற்பதை யாரும் அறிய மாட்டார்கள். துளையை 10 மி.மீ. ஆகவே வார்த்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்; உள்ளே எடை ஒட்டுவது அல்லது கூண்டையே உருக்குவது மட்டும் மிஞ்சும். விலகல் 5 மி.மீ.க்கு மேல் போனால் தயங்காமல் உருக்கிவிட வேண்டும். அவ்வளவு மெலிந்த சுவர் கடைசலில் அதிரும்.

ஒளி

பித்தளை நீல ஒளியை அதிகம் விழுங்கி, மஞ்சளையும் சிவப்பையும் திருப்பித் தரும். 2,700 கெல்வின் எல்இடி (இந்த எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்) போட்டால் மேடையில் விழும் ஒளி அதைவிடவும் மஞ்சளாக இருக்கும்; சாப்பாட்டு நிறம் கெடாமல் இருக்க 3,000 கெல்வினில் தொடங்குவது சரி. உட்சுவரில் சூளைக் கருமையை அப்படியே விட்டால் ஒளியில் பெரும்பகுதி அங்கேயே செத்துவிடும். முழுப் பளபளப்பாக்கினால் பல்பின் பிம்பம் பளிச்சென்று கண்ணில் அடிக்கும். மெல்லிய கம்பித் தூரிகையால் சுழற்சித் திசையில் தேய்த்து, மங்கலான பொன்னிறத்தில் நிறுத்துவதே உணவக மேடைக்கு ஏற்றது.

பல்பு எங்கே நிற்கிறது என்பதைக் கூண்டின் உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈ27 எனப்படும் திருகு ஹோல்டரில் வழக்கமான 60 மி.மீ. பல்பை மாட்டினால் ஒளிமையம் விளிம்புக்கு 40 மி.மீ. மேலேயே நிற்கும், கிடைமட்டத்திலிருந்து 27 டிகிரிக்கு மேல் அண்ணாந்தால் பல்பு தெரியும். 45 மி.மீ. உருண்டை பல்பு என்றால் மையம் 60 மி.மீ. உள்ளே போகும், மறைவு 37 டிகிரி. விளிம்பு தரையிலிருந்து 1.65 மீட்டர், உட்கார்ந்தவர் கண் 1.2 மீட்டர், விளக்கின் மையத்திலிருந்து 0.7 மீட்டர் தள்ளி என்றால் அருகு விளிம்பை நோக்கிய பார்வைக் கோணம் 36 டிகிரி. பெரிய பல்பு கண்ணைக் குத்தும், சிறியது மறைந்தே இருக்கும். 5 வாட் போதும். ஒன்பதுக்கும் சேர்த்து 45 வாட்.

மின்சாரமும் தொங்கலும்

உலோகக் கூண்டு, 220 வோல்ட், எர்த் கட்டாயம். எர்த் மேட்டில் லாக்கர் (பித்தளை மெருகைக் காக்கும் தெளிவான பூச்சு) படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது பல் வாஷர் போட்டுச் சுரண்டி இறுக்க வேண்டும். விளக்குகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஇசி 60598-இல் எர்த் தொடர்ச்சிக்கு 10 ஆம்பியர் செலுத்தி 0.5 ஓமுக்கு மிகாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லாக்கரின் மேல் திருகிய எர்த் அந்தச் சோதனையில் நிற்காது.

அதே தரம், வயரிலேயே தொங்கும் விளக்கு 5 கிலோவைத் தாண்டக்கூடாது, கடத்தியின்மேல் இழுவிசை சதுர மி.மீ.க்கு 15 நியூட்டனுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. 0.75 சதுர மி.மீ. மூன்றிழை வயர் என்றால் 33.75 நியூட்டன், அதாவது 3.4 கிலோ. நம் கூண்டு பொருத்திகளோடு 1.83 கிலோ, வயரே தாங்கும். உரிமையாளர் நடுவிளக்கை மட்டும் ஒன்றரை மடங்கு பெரிதாகக் கேட்டால் பரப்பு 2.25 மடங்காகி, கூண்டு மட்டுமே 3.45 கிலோ, அப்போது எஃகு வடமோ குழாயோ தனியாக வேண்டும். மேலே மாட்டும் கொக்கி எடையின் நான்கு மடங்கை, இங்கே 7.3 கிலோவை, ஒரு மணி நேரம் தாங்க வேண்டும்.

இது மணி வடிவம் என்பதை மறக்க வேண்டாம், தட்டினால் ஒலிக்கும். ஏசிக் காற்றில் ஒன்றோடொன்று இடித்தால் இரவு முழுதும் கிணுகிணுக்கும். உச்சி வாஷருக்கு அடியில் 1 மி.மீ. சிலிக்கோன் வளையம் வைத்தால் ஒலி மடியும். ஆனால் அந்த வளையம் கூண்டைக் குழாயிலிருந்து மின்வகையில் பிரித்துவிடும் என்பதால் எர்த் வயர் மேட்டுக்கே நேராகப் போக வேண்டும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போடுவதாக இருந்தால், எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரைக் கூண்டுக்குள் வைக்காமல் மேற்கூரைப் பெட்டியில் வைக்க வேண்டும். டிரைவரின் மெல்லிய ரீங்காரத்தை இந்த வடிவம் பெருக்கிக் காட்டும்.

பூச்சும் பராமரிப்பும்

மெருகிட்ட பித்தளையில் வெறும் கை பட்டால் சில நாளில் விரல்ரேகை பழுப்பாக எழும். கடைசல் முடிந்ததிலிருந்து கையுறை. எண்ணெய் போக்கி, காய்ந்த அன்றே தெளிவான அக்ரிலிக் லாக்கர் இரண்டு மெல்லிய பூச்சு. மழை ஈரத்தில் பூசினால் லாக்கர் வெளுக்கும். கடலோர விடுதிக்குப் போகும் விளக்கு என்றால் பூச்சே வேண்டாம் என்று சொல்வது நேர்மை: உப்புக்காற்று லாக்கரின் கீறலில் நுழைந்து அடியில் பச்சை படரவிடும், அதைச் சரிசெய்யப் பூச்சு முழுவதையும் நீக்க வேண்டிவரும். அங்கே பழுப்பேற விட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை மெழுகு தேய்ப்பது எளிது. லாக்கரிட்ட கூண்டை மென்துணியால் துடைத்தால் போதும். அம்மோனியா கலந்த பித்தளை மெருகு திரவம் படக்கூடாது.

எண்ணிக்கையும் காலமும்

ஒரு அச்சு ஒரே ஒரு கூண்டு, உடைத்துத்தான் எடுக்கிறோம். 9 வேண்டுமென்றால் 12 கரு கடைய வேண்டும். 12-க்கும் 25 கிலோ பித்தளை, 3 கிலோ மெழுகு. அளவில் வாய் விட்டத்துக்கு கூட்டல் கழித்தல் 1.5 மி.மீ., எடைக்கு 10 விழுக்காடு வேறுபாட்டை ஆணையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிட இறுக்கமாக வேண்டுபவர் அழுத்த வார்ப்புப் பட்டறைக்குப் போகலாம். ஈசானில் மே முதல் அக்டோபர் வரை மழை. பூச்சு காய நாள் இழுக்கும், வயல் வேலையும் அப்போதுதான். அறுப்பு முடிந்து நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை காற்று உலர்ந்திருக்கும். ஜூனில் ஆணை கொடுத்துவிட்டு ஆகஸ்ட்டில் திறப்பு விழா வைப்பது நடக்காது.

மிஞ்சும் கூண்டுகளில் நிறம் ஒத்த ஒன்றை உதிரியாக உணவகத்திலேயே வைத்திருக்க வேண்டும். கருவைக் கடைந்த உருவத் தகட்டின் பின்புறத்தில் கரு அளவு, மெழுகு நூலின் தடிமன், உலோகக் கலவை, எந்த மாதம் வார்த்தது ஆகிய நான்கையும் ஆணியால் கீறி, உதிரிக் கூண்டுக்கு உள்ளேயே கட்டி வைக்கலாம். பத்தாவது கூண்டு வேண்டும் என்று ஐந்து ஆண்டு கழித்து யாராவது கேட்கும்போது தேடவேண்டியது அந்தத் தகட்டைத்தான்.